தங்கவயலின் வரலாறு யார் வீட்டுப் பெட்டியில்?

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றனர். 1802-ல் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் பொன் உண்டென்று கண்டுரைத்தார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். 1902-ல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் வந்தது. பங்களாக்களும் கிளப்பும் எழுந்து, ஊர் 'குட்டி இங்கிலாந்து' ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இவ்வரிசையில் பிழை ஏதுமில்லை. ஆனால் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் பொன்னைப் பாறையினின்று பிரித்த கைகள் எவருடையவை என்ற வினாவுக்கு அதில் விடையும் இல்லை. வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் பாட்டன்மார், 'கூலிகள்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிட்டனர்.

வெள்ளையர் அவ்வாறு எழுதியதில் வியப்பில்லை. தொழிலாளியின் மணிக்கட்டில் எண் பொறித்த காப்பைப் பூட்டியவர்கள் அவர்கள். ஆளை எண்ணாக்கும் அந்த முறைமைக்கு நம்மவர் பணிந்துவிடவுமில்லை; கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் சுரங்கங்களையே நிறுத்திக் காட்டினர். 1946 நவம்பர் 4-ல் துப்பாக்கிக் குண்டுக்கும் உயிர் கொடுத்தனர்.

என் வழக்கு வெள்ளையரோடு அன்று, நம் குடும்பங்களோடுதான். பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் குடியேறிவிட்ட நம்மவர், "தாத்தா மைன்ஸில் உத்தியோகம் பார்த்தார்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். சாம்பியன் ரீபா, நந்திதுர்க்கா, எந்த ஷாப்ட், எத்தனை அடி ஆழம் என்று சொல்வதில்லை. சொன்னால் லைன் வீடும் மூங்கில் தட்டிச் சுவரும், அதற்குப் பின்னால் விட்டு வந்த சேரியும் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்! மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கி உழைத்தவனின் பேரன் கூச வேண்டியது எதற்கு?

நாம் விட்ட இடத்தைத் திரைப்படம் நிரப்புகிறது. 2018-லும் 2022-லும் வந்த 'கே.ஜி.எப்' படங்களைப் பார்த்த பிள்ளைகள், தங்கவயல் என்றால் துப்பாக்கி ஏந்திய ஒரு கற்பனை நாயகனின் கோட்டை என்றே எண்ணுகின்றனர். 2024-ல் வந்த 'தங்கலான்' உழைத்த மக்களின் பக்கம் திரும்பியது, மகிழ்ச்சியே. ஆயினும் படம் கதை சொல்லுமே ஒழியச் சான்று காட்டாது.

வரலாறு என்றால் கல்வெட்டும் செப்பேடும் அல்லவா, துருப்பிடித்த கார்பைடு விளக்கும் கூலிச் சீட்டும் வரலாறாகுமா என்று கேட்கும் புலவர்கள் நம் சங்கங்களிலேயே உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பின் 1926-ல் இதே தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீபின் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. பல்கலைக்கழகங்கள் அவரை நெடுங்காலம் மறந்திருந்தன. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய படிகளைக் கட்டிக் காத்திராவிட்டால், 1999-ல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து நம் கையில் தந்திருக்க முடியுமா? பழைய தாள் கட்டு ஒன்று தமிழர் சிந்தனை வரலாற்றையே திருத்தி எழுதச் செய்தது.

மார்பு எக்ஸ்ரே படம் ஒன்று உங்கள் பரணில் கிடக்கலாம். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு இழப்பீடு வழங்க மைசூர் அரசு 1940-லேயே விதி செய்தது. அப்படியானால் அந்தப் படம் சட்டமும் மருத்துவமும் ஒரு மனிதனின் மூச்சும் சேர்ந்த ஆவணம். அதைத்தான் வீடு மாறும்போது குப்பையில் போடுகிறோம்.

2024 ஜூனில், தங்கவயலின் 13 கழிவு மேடுகளில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண்! பாட்டன்மார் அரைத்துக் கொட்டிய மண்ணுக்குக்கூட அளவும் மதிப்பும் கண்டாயிற்று. பாட்டன்மாருக்கு ஒரு பெயர்ப்பட்டியல் நாம் எழுதி முடித்தோமா?

பொருளை மட்டும் சேர்த்தாலும் போதாது. யார் அணிந்தது, எந்த ஆண்டு என்று தெரியாத தலைவிளக்கு காயலான் கடைச் சரக்கே. பெண்களிடமும் கேட்க வேண்டும். பாறை வெடித்து வீடு அதிர்ந்த இரவுகளில் ஷாப்ட் வாயிலில் விடியும்வரை நின்றவர்கள் அவர்கள்தாமே. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்பதற்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர் எவரேனும் இருந்தால், அவர் இன்று தொண்ணூறை நெருங்கியிருப்பார். மூடுவிழாவன்று இருபத்தைந்து வயது இளைஞராக இருந்தவருக்கே ஐம்பது வந்துவிட்டது.

சங்கத்தின் அடுத்த மலரிலும் புறநானூற்றுப் பெருமை பற்றிப் பத்துக் கட்டுரைகள் வரும், வரட்டும். ஐந்து பக்கம் ஒதுக்கி, வீட்டுக்கு ஒரு படமும், அதில் நிற்போர் அனைவரின் பெயரும், அவர்கள் இறங்கிய ஷாப்டின் பெயரும் வெளியிடுவீர்களா? பெயர் தெரிந்த பாட்டி உயிரோடு இருக்கும்போதே படத்தைத் திருப்பிப் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். மை தாளில் ஊறிவிடும்.