கூரை மாற்றப் போகிறீர்களா? மழை முடியும்வரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்!

2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு. மாமல்லபுரம் பக்கத்தில் "மாண்டஸ்" புயல் கரையைக் கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்கு 6 வருடம் முன்பு, 2016 டிசம்பர் 12-ந் தேதி, "வர்தா" புயல் சென்னையைத் தாக்கியது. அன்று தகர ஷீட்டுகள் காகிதம்போல் பறந்தன.

புயல் ஒரு நாளில் போய்விடும். வீட்டுக்காரருக்கு அதன் பிறகுதான் சோதனை! ஓடு உடைந்துவிட்டது. தளம் ஒழுகுகிறது. கூரையை மாற்றவேண்டும். வேலையை யாரிடம் கொடுப்பது?

கூடுவாஞ்சேரியில் ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் வீடுகள் பெருகிக்கொண்டுதான் இருந்தன. நந்திவரம், ஊரப்பாக்கம் என்று எங்கே பார்த்தாலும் ஜல்லியும் மணலும் குவிந்து கிடக்கும். மின்சாரக் கம்பத்தில் "வீடு கட்டித் தரப்படும்" என்று ஒரு போர்டு தொங்கும். அதில் போன் நம்பர் இருக்கும். விலாசம் இருக்காது!

டாக்டர் பதிவு செய்திருக்கவேண்டும். வக்கீல் பதிவு செய்திருக்கவேண்டும். பொதுப்பணித் துறையில் வேலை எடுக்கும் கான்ட்ராக்டருக்கும் பதிவு உண்டு. ஆனால், உங்கள் வீட்டுக் கூரையைப் பிரிக்க வருகிறவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. 2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்ததே என்பீர்கள். அது விற்பனைக்காகக் கட்டும் வீடுகளுக்கு. பழைய வீட்டுக்குத் தளம் போடும் மேஸ்திரியை அது கட்டுப்படுத்தாது.

சித்திரையில் பணம், ஐப்பசியில் ஒழுகல்

சுவர் கோணலாக இருந்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். கூரை அப்படி அல்ல. நல்ல வெயிலில், சித்திரை வைகாசியில், தளம் போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பணம் முழுவதையும் கொடுத்துவிடுவீர்கள். இந்தச் சீமையில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. ஐப்பசி அடைமழையில் சொட்டுச் சொட்டாக ஒழுகும்போது, மேஸ்திரிக்குப் போன் போடுவீர்கள். மணி அடிக்கும். எடுக்கமாட்டார்!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அது அரசாங்கம் செய்கிற வழிதான். அரசாங்க வேலைகளில் கான்ட்ராக்டரின் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். குறிப்பிட்ட காலம்வரை பழுது வராமல் இருந்தால்தான் அது கிடைக்கும். 2024-ல் தமிழக அரசு "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட, வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய். அந்தப் பணத்தைக்கூட மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வேலை ஏற ஏறத்தான் தவணை.

கஜானா வைத்திருக்கும் அரசாங்கமே இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறது. நகையை அடகு வைத்துக் கூரை போடும் நாம் மட்டும் ஏன் முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவேண்டும்?

வேலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆயிரத்தை நிறுத்தி வையுங்கள். "கார்த்திகை மழை முடிந்து, ஒழுகல் இல்லை என்றால் தருகிறேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் சற்று முணுமுணுத்துவிட்டுச் சம்மதிப்பார். சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். மழை முடிந்த பிறகும் "நாளை வா, மறுநாள் வா" என்று மேஸ்திரியை அலையவைக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் நல்ல மேஸ்திரிகள் இந்த ஏற்பாட்டுக்குப் பயப்படுகிறார்கள். சித்தாளுக்குக் கூலி அன்றன்றைக்குக் கொடுத்தாகவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எந்த வீட்டைப் பார்ப்பது?

"நான் போட்ட தளத்தைப் பாருங்கள்" என்று புது வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அது வேண்டாம். இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டு அம்மாளிடம், "மழையில் பாத்திரம் எங்கே வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உண்மை வந்துவிடும்!

"சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒரு வார்த்தையில் மயங்கக்கூடாது. அந்த ரேட்டில் கம்பி உண்டா? சிமெண்ட் உண்டா? பழைய கூரையைப் பிரித்து, இடிசலை அள்ளும் செலவு யாருடையது? தளத்தின் கனம் எத்தனை அங்குலம்? மேலே தட்டோடு பதிப்பார்களா? எல்லாவற்றையும் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பாங்கு வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தளம் போட்ட பிறகு அவசரம் ஆகாது. இப்போது பெரும்பாலும் கலப்பு சிமெண்டுதான் வருகிறது. அதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டி ஈரமாக வைக்கவேண்டும். அறை 15 அடிக்கு மேல் அகலமாக இருந்தால், அடியில் கொடுத்த முட்டுகளை 14 நாள் எடுக்கக்கூடாது. அடுத்த வீட்டு வேலைக்குப் பலகை வேண்டும் என்று மேஸ்திரி பறப்பார். விடாதீர்கள்.

மழைக்குக் காத்திராமல் ஒரு சோதனையும் செய்யலாம். மாடியின் தண்ணீர்க் குழாய் வாயைத் துணியால் அடையுங்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, ஒரு இரவும் ஒரு பகலும் விடுங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் வேலையில் ஓட்டை என்று அர்த்தம்.

பழைய கூரை கல்நார் ஷீட்டாக இருந்தால் கவனம். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. புற்றுநோய் வரும். தண்ணீர் தெளித்து, உடைக்காமல் இறக்கவேண்டும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

மோசம் போய்விட்டால்?

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-ல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கான்ட்ராக்டர் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். நம் மாவட்டத்துக்குச் செங்கல்பட்டில் இருக்கிறது. கான்ட்ராக்டர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 2019-ம் வருஷத்துச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேளுங்கள். கோர்ட்டுக்குப் போகும்போது கையெழுத்துப் போட்ட அந்தத் தாளையும், ரசீதுகளையும், ஒழுகும் இடத்தின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.