ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு விளம்பரம்

2018 ஆகஸ்டில் பெங்களூரின் மின்கம்பங்களும் சந்திப்புகளும் சில நாட்களில் வெறுமையாயின. தலைமை நீதிபதி தினேஷ் மகேஸ்வரி தலைமையிலான உயர் நீதிமன்ற அமர்வு, அனுமதியற்ற ஃப்ளெக்ஸ் பேனர்களை உடனே அகற்றச் சொன்னது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி மாநகராட்சி மன்றம் வெளிப்புற விளம்பரங்களுக்கே தடை போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு விதிகள் பல முறை மாறிவிட்டன. ஆனாலும், முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டிவிடலாம் என்று இருந்த தையற்கடைக்காரருக்கும், பல் மருத்துவருக்கும், டியூஷன் நடத்துகிறவருக்கும், பிஜி விடுதி வைத்திருப்பவருக்கும் அந்த எளிய வழி திரும்பவில்லை. பெரிய நிறுவனங்களுக்குக் கைப்பேசித் திரை இருக்கிறது, மெட்ரோ நிலையம் இருக்கிறது. சிறியவர் அச்சகம் நடத்தும் நம்மைத் தேடி வருகிறார்: காகிதக் கப்பில் பேர் போட்டுத் தருவீர்களா, பார்சல் கவரில் போடலாமா, டிஷ்யூவில் என்ன செலவாகும் என்று கேட்கிறார்.

வருகிறவருக்கு நம் தொழில் சரியான பொருளை விற்கிறதா என்பதுதான் இந்த இதழின் கேள்வி. பெரும்பாலும் இல்லை என்பது என் முடிவு.

நாம் விற்பது எண்ணிக்கையை. ‘ஒரு லட்சம் கப், ஒரு லட்சம் கைகள்’ என்ற கணக்கைக் காட்டி ஆர்டர் வாங்குகிறோம். சி.வி. ராமன் நகரில் கடை வைத்திருப்பவரின் பெயர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவர் கையில் இருந்து என்ன பயன்? அந்த வாடிக்கையாளர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஒரு பேன்ட் ஆல்டரேஷனுக்கு வரப்போவதில்லை. பெங்களூரில் தூரம் என்பது நேரம். சிறு கடையின் சந்தை ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் இரண்டு. அதற்கு வெளியே போகும் ஒவ்வொரு கப்பும் அவர் காசில் அச்சான குப்பை.

இதே கப்பைச் சரியான இடத்தில் வைத்தால் கணக்கு தலைகீழாகும். ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கப் என்றால் ஆயிரம் கப்; மாதம் 22 வேலை நாள் என்றால் 22,000 கப். அதே ஐந்நூறு பேர், ஒவ்வொருவரும் 44 முறை, அதே கடையின் பெயரைக் கையில் பிடித்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கடை அலுவலக வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால், இதற்கு ஈடான ஊடகம் சிறு வணிகருக்கு வேறு எதுவும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். அலுவலகக் கப்பையே ஊடகமாக விற்பதற்கென்று ஜிஞ்சர்கப் போன்ற நிறுவனங்கள் இந்த ஊரில்தான் தோன்றின. ஐடி பூங்காக்களின் பேன்ட்ரி என்ற மூடிய வட்டம் இங்கே இருக்கிறது, அதுவே காரணம். ஆனால் அந்த வட்டத்தின் பலன் பெரும்பாலும் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் போகிறது. பக்கத்துத் தெருக் கடைக்குப் போவதில்லை.

ஏன் போவதில்லை? கோளாறு விற்பனையாளரிடம் மட்டும் இல்லை, மெஷினிலும் இருக்கிறது. கப்புக்கான தாள் ரீலாக வருகிறது, ஃப்ளெக்ஸோவில் ஓடுகிறது, நிறத்துக்கு ஒரு பிளேட் வேண்டும், பதிவு சரியாகும் வரை தாள் வீணாகிறது. இந்தச் செலவைப் பங்கிட ஆயிரக்கணக்கில் ஓட்டியே ஆக வேண்டும். அதனால்தான் குறைந்தபட்ச ஆர்டர் பெரிதாக இருக்கிறது. அந்தப் பெரிய ஆர்டரை எங்கேயாவது தள்ள வேண்டியிருப்பதால்தான் கப் ஊர் முழுக்கச் சிதறுகிறது. ஆக, அச்சகத்தின் வசதி வணிகரின் ஊடகத் திட்டமாகிவிடுகிறது. இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தமிழ் அச்சுத் தொழில் எப்போதோ தீர்த்துவிட்டது. தினசரி காலண்டரைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் கிழித்துப் போடும் தாள். அதைத் தாங்கும் அட்டையில் மளிகைக் கடையின் பெயர். தாள் போய்க்கொண்டே இருக்கும், பெயர் ஆண்டு முழுவதும் சுவரில் இருக்கும். சிவகாசி ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுகிறது. முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி எனப் படங்களைப் பெரிய அளவில் பொதுவாக அடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு கடையின் பெயரை மட்டும் ஐந்நூறு, ஆயிரம் என்று சின்னச் சின்ன எண்ணிக்கையில் மேலே அடித்துத் தருகிறது. பெரிய ஓட்டத்தின் மலிவும் சிறிய ஓட்டத்தின் பொருத்தமும் ஒரே அட்டையில் கிடைக்கின்றன. காலண்டர் யாருக்குப் போகிறது? கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளருக்கு, அதாவது அந்த ஒரு கிலோமீட்டருக்கு.

கப்பிலும் இது முடியும். பின்னணி நிறம், பொதுப் படம், எச்சரிக்கை வரிகள் ஆகியவற்றை ரீலில் அடித்து, டை போட்டு பிளாங்க்காக வெட்டி வைத்துக்கொள்ளலாம். கடையின் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, கப்பாக உருட்டும் முன் ஆஃப்செட்டிலோ ஸ்க்ரீனிலோ சில ஆயிரங்களுக்கு மட்டும் மேலச்சு செய்யலாம். இன்னொரு வழி, ஒரே தெருவின் நான்கைந்து கடைகளை ஒரே ஆர்டரில் சேர்ப்பது: மருந்துக்கடை, சலூன், ஜெராக்ஸ் கடை, மெஸ். ஒன்றுக்கொன்று போட்டியில்லாத கடைகளாக இருந்தால் போதும். சுல்தான்பேட்டையிலும் காட்டன்பேட்டையிலும் கல்யாணப் பத்திரிகைக்கு நூறு, இருநூறு என்று அடித்துப் பழகிய கைகள் நம்மிடம் இருக்கின்றன. அந்தத் திறமையைக் கப்பின் பக்கம் திருப்ப வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் டைமண்ட் மேட்ச் நிறுவனத்தின் விற்பனையாளர் ஹென்றி டிராட் பெரிய நிறுவனங்களிடம் தீப்பெட்டி அட்டையை விளம்பர இடமாக விற்றுக் காட்டினார். ஆனால் அந்த ஊடகத்தைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தவை ஊருக்கு ஊர் இருந்த உணவகங்களும் விடுதிகளும்தான். சாப்பிட்டவர் பையில் கடையின் முகவரி போய்ச் சேர்ந்தது. ஜப்பானில் 1960-களின் இறுதியில் கோச்சியைச் சேர்ந்த ஹிரோஷி மோரி, வங்கிகள் இலவசமாகக் கொடுத்த தீப்பெட்டிக்குப் பதிலாகப் பையில் வைக்கும் டிஷ்யூவைக் கொண்டுவந்தார். ரயில் நிலைய வாசலில் கையில் திணிக்கப்படும் அந்தப் பொட்டலம் இன்றும் ஓடுகிறது. வாங்கியவருக்கு அது உதவுகிறது, அதனால் எறிவதில்லை. கொடுப்பவரின் கடை அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி மேசை வேலை. வடிவமைப்பில் நாம் செய்யும் அலட்சியம் வருத்தமளிக்கிறது. கப்பின் பிளாங்க் விசிறி வடிவம். விசிட்டிங் கார்டின் ஃபைலை அப்படியே ஒட்டினால் எழுத்து சாய்ந்து நிற்கும். வரியை வளைவுக்கேற்ப வளைக்க வேண்டும். விளிம்புச் சுருளுக்குக் கீழே உதடு படும் பட்டையில் மை வரவே கூடாது. பக்கவாட்டில் ஒட்டும் மடிப்பிலும் மை கூடாது. இருந்தால் சூட்டில் ஒட்டு சரியாகப் பிடிக்காமல் கசியும். கியூஆர் குறியீட்டை மடிப்பின் அருகே வைக்காதீர்கள், சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். நூறு மில்லி கப்பில் வளைவு அதிகம் என்பதால் குறியீட்டை முடிந்தவரை சிறிதாக வையுங்கள். ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போகவும் வேண்டாம். பத்து வகைக் கைப்பேசியில் சோதித்த பிறகு பிளேட் போடுங்கள்.

இதைவிட முக்கியமானது மை. கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது ஒரு கப்பின் வெளிப்புற அச்சு அடுத்த கப்பின் உட்புறத்தை உரசுகிறது. காயாத மை டீயில்தான் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதியல் விதிகள், உணவுப் பொதிக்கான மை ஐஎஸ் 15495 தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. அச்சிட்ட பரப்பு உணவை நேரடியாகத் தொடக் கூடாது என்கின்றன. செய்தித்தாளில் உணவைக் கட்டுவதைத் தடுக்கின்றன. மை வாங்கும்போது சப்ளையரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். ‘எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்’ என்பது பதில் ஆகாது.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 முதல் கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் கட்டாயம். கப் பெயர்ப்பலகை இல்லைதான். இருந்தும், கடையின் பெயரைக் கன்னடத்தில் முதலில் போடுங்கள். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒட்டத் தமிழையும் சேருங்கள். பலகையில் ஒரு விதமாகவும் கப்பில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் தேடி வருகிறவர் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்.

நம் தொழிலின் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். கர்நாடக அரசின் 2016 மார்ச் 11 பிளாஸ்டிக் தடை அறிவிக்கையை எடுத்துப் படியுங்கள்: கைப்பை, ஃப்ளெக்ஸ், பேனர், கொடி, பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் கப், கரண்டி எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கின்றன. காகிதக் கப்பின் உட்புறப் பிளாஸ்டிக் படலம் இங்கே இன்னும் தப்பித்திருக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பதினான்கு பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023 அக்டோபரில் தடை உறுதியானது. ஓசூரில் செய்யக் கூடாத பொருளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஊடகமாக விற்கிறோம். இந்த நிலை எத்தனை நாள் நிற்கும்? நாளைக்கே அறிவிக்கை வந்தால் கிடங்கில் அச்சடித்து அடுக்கியிருக்கும் சரக்கின் நஷ்டம் அச்சகத்துக்குத்தான்.

சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதும் சரியில்லை. ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவு நம் எல்லோருக்கும் தெரியும்: 85 முதல் 90 டிகிரி சூட்டில் நூறு மில்லி திரவம் பதினைந்து நிமிடம் இருந்தால் படலத்திலிருந்து சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன. அந்தக் கப்பின் மேல் ஒரு பல் மருத்துவமனையின் பெயரையோ குழந்தைகள் காப்பகத்தின் பெயரையோ போடச் சொல்லி நாம் எப்படி விற்பது? பிளாஸ்டிக் படலத்துக்குப் பதிலாக நீர்வழிப் பூச்சு உள்ள தாள் கிடைக்கிறது, விலை கூடுதல். ஒரு கிலோமீட்டருக்குள் சிக்கனமாக அச்சடித்தால் அந்தக் கூடுதல் விலையைத் தாங்க முடியும். ஊர் முழுக்கச் சிதறும் லட்சம் கப்பில் முடியாது. குறைவாக அடிப்பதே தரமாக அடிக்க வழிவிடுகிறது.

கப்பை விட்டு வெளியேயும் பாருங்கள். மருந்துக்கடையின் பிரவுன் கவர் மாத்திரை தீரும் வரை வீட்டில் இருக்கிறது. பரிசோதனைக் கூடமும் கண்ணாடிக் கடையும் அதில் இடம் பிடிக்கலாம். மெஸ்ஸின் பார்சல் பை, பேக்கரியின் அட்டைப்பெட்டி, சலவைக்கடை சட்டைக்கு நடுவே வைக்கும் அட்டை ஆகிய மூன்றிலும் சூடான திரவத்தின் சிக்கல் இல்லை, படலமும் தேவையில்லை. மூன்றுமே பக்கத்து வீட்டுக்குத்தான் போகின்றன. சலவை அட்டையை இந்த ஊரில் நாம் ஏறக்குறைய தொடவே இல்லை என்பது எனக்கு வியப்பு. கல்யாணத் தாம்பூலப் பையில் ஜவுளிக்கடையின் பெயர் பல ஆண்டுகள் காய்கறிச் சந்தைக்கு நடந்ததை மறந்துவிட்டோமா?

கப்பையே விற்பதென்றால், குடித்த பிறகு அது எங்கே போகிறது என்பதையும் நாமே பார்க்க வேண்டும். படலம் ஒட்டிய, டீ படிந்த கப்பை நகரின் உலர்கழிவு மையங்களில் தரம் பிரிப்பவர்கள் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். ஹசிரு தளா போன்ற அமைப்புகளோடு வேலை செய்யும் கழிவு சேகரிப்பாளர்களுக்கு அதில் காசு இல்லை. ஆனால் அலுவலக பேன்ட்ரியில் கப் கட்டிடத்தை விட்டு வெளியே போவதில்லை. கவிழ்த்து அடுக்கும் ஒரு குழாய்த் தாங்கி வைத்தால், கலக்காமல், நசுங்காமல் ஒரே இடத்தில் சேரும். அதைத் திரும்ப எடுக்கும் செலவைக் கணக்கிட்டு விலையில் சேருங்கள். விலைப்பட்டியலில் இப்போது அளவு, நிறம், ஜிஎஸ்எம், எண்ணிக்கை என்று நான்கு பத்திகள் இருக்கின்றன. எந்தக் கட்டிடத்துக்குப் போகிறது, கடையிலிருந்து எவ்வளவு தூரம், திரும்ப எடுப்பவர் யார் என்று இன்னும் மூன்று பத்திகளைச் சேர்த்து இந்த மாத மேற்கோளிலிருந்தே அனுப்பத் தொடங்குங்கள். நிரப்பிய மேற்கோள்களை எங்களுக்கும் ஒரு நகல் அனுப்பினால், வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு விலை ஒப்பீட்டை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.