மலையை அளக்க வருவோரே, யார் பக்கம் நிற்கிறீர்கள்?



எல்கடுவ, ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு "ஆய்வு" என்று வருவோருக்குப் பஞ்சமில்லை. லயத்துக் காம்பராவை அளக்கிறார்கள். எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு கடன் என்று எழுதிக்கொள்கிறார்கள். நாம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து நமக்குச் சொல்வதில்லை.

கம்பனிகளோ ஆய்வின் பெயரால் நன்றாகவே பேசுகின்றன. உலகமயமாம், கென்யாவோடு போட்டியாம், நாட்சம்பளம் பழைய முறையாம். ஆகவே மலையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவார்களாம். கொழுந்துக்குக் கிலோ விலை தருவார்களாம். காணி கம்பனியின் கையில், விலை கம்பனியின் கையில், நட்டம் மட்டும் நம் தலையில்!

ஆய்வு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமா? இந்தியாவின் சமூகவியலாளர் சரித் பௌமிக்கின் வாழ்க்கையைப் பாருங்கள். வட வங்காளத்தின் டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் அவர் தன் ஆய்வைத் தொடங்கினார். நம் முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்கள். அங்கே சோட்டாநாக்பூரிலிருந்து ஆதிவாசிகளைக் கொண்டுபோனார்கள். குடும்பமே வேலை செய்கிறதே என்று காரணம் காட்டி ஒவ்வொருவரின் சம்பளத்தையும் குறைத்தார்கள். இதை அவர் எழுதி வெளிச்சம் போட்டார். 1981இல் அவருடைய நூல் வந்தது.

சோனாலி தோட்டத்தின் கதையையும் அவர் எழுதினார். முதலாளி கைவிட்ட அந்தத் தோட்டத்தை 1974இல் தொழிலாளரே கூட்டுறவாக எடுத்து நடத்தினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கொடுத்தார்கள். நம் நாட்டுத் தோட்டப் பெண்கள் அந்தச் சமசம்பளத்தை 1984இல் வேலைநிறுத்தம் செய்துதான் பெற்றார்கள். பின்னர் வழக்கினால் சோனாலி தொழிலாளரின் கையை விட்டுப் போனது. ஆனாலும் துரை இல்லாமல் தோட்டம் நடக்காது என்ற பொய் அங்கே உடைந்தது.

பிறகு பௌமிக் நகரத்து நடைபாதை வியாபாரிகளிடம் போனார். உலகமயத்தில் ஆலை மூடி வேலை இழந்தவர்கள் தெருவில் கடை போட்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிய அவரது ஆய்வு அலுமாரியில் தூங்கவில்லை. வியாபாரிகளின் அமைப்புகள் அதைக் கையில் எடுத்துப் போராடின. 2014இல் இந்திய நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2016இல் பௌமிக் காலமானார். அந்தச் சட்டம் இருக்கிறது.

நாம் ஆய்வுக்கு எதிரி அல்ல. மெஷினுக்கும் எதிரி அல்ல. கொழுந்து வெட்டும் மெஷின் வரட்டும், டிஜிட்டல் தராசும் வரட்டும். ஆனால் மெஷின் வந்ததும் 'பேர்' போட வேண்டிய கிலோ ஏன் ஏறுகிறது? மிச்சமாகும் நேரமும் காசும் யாருக்குப் போகின்றன? தராசின் கணக்கைச் சரிபார்ப்பவர் யார்? ஆய்வாளர்களே, இவற்றை ஆராயுங்கள். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் கணக்குப் புத்தகத்தையும் எங்கள் கடன் கொப்பியைப் போலவே திறந்து பாருங்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று:

1. தோட்டத்தில் ஆய்வு செய்பவர் அதன் முடிவைத் தமிழில் நம் முன்னால் வைக்க வேண்டும்.

2. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் நிற்க வேண்டும். எடையைத் துண்டில் எழுதித் தர வேண்டும்.

3. ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் எழுத்தில் உத்தரவாதம் இல்லாத எந்த மலைப் பிரிப்புக் கடிதத்திலும் கையெழுத்து இல்லை.

கடைசிக் கோரிக்கை நம் கையிலேயே இருக்கிறது. கடிதம் வந்தால் தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளை வைத்து ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்ப்போம். பெரட்டுக்களத்தில் எல்லோரும் ஒன்றாகப் பதில் சொல்வோம்!