முறிந்த எலும்பும் ஏழையின் பிழைப்பும்

திண்டுக்கல் நகரின் பூட்டுப் பட்டறைகளிலும் தோல் பதனிடும் சாலைகளிலும், வேடசந்தூர் நூல் ஆலைகளிலும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தோட்டங்களிலும் உழைப்போருக்குத் தேகபலம் ஒன்றே மூலதனம். இவர்களில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்தோ, நாற்கரச் சாலையில் மோதுண்டோ காலெலும்பு முறிந்து கிடப்பாராயின், முறிவது அந்த எலும்பு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்பும் முறிகிறது.

சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்காரே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. அது உயிரைக் காக்கிறது. நாம் அதனை மனமாரப் போற்றுகிறோம். ஆயினும், எலும்பு 48 மணி நேரத்தில் கூடிவிடுவதில்லை. தோலைக் கிழித்து வெளிப்பட்ட முறிவு மாதக்கணக்கில் கூடாதிருப்பதும், மறுபடியும் மறுபடியும் கத்தி வைக்க நேர்வதும் உண்டு.

இக்குறைக்கு விஞ்ஞானம் ஒரு வழி கண்டிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசையினுள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உண்டாவதை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் உரிஸ்ட் 1965-ல் வெளியிட்டார். அந்தச் சக்தியை எலும்பிலிருந்து கரைத்துப் பிரித்து, மீண்டும் சேர்த்துச் செயற்படச் செய்யும் முறையை 1981-ல் வெளியிட்டோர் சம்பத், ஹரி ரெட்டி என்னும் இந்தியப் பெயர் தாங்கிய இருவர் என்பதை நம்மவர் அறிந்து மகிழலாம். அது ஒருவகைப் புரதம். பூட்டுக்குச் சாவிபோல் அது மூல உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளிற் பொருந்தி, ‘எலும்பாகுக’ என்று ஆணையிடுகிறது. 1988-ல் இப்புரதங்களின் மரபணுக்கள் பிரித்தறியப்பட்டபின், கிலோக் கணக்கான மாட்டெலும்பிலிருந்து அணுவளவாக அதனை எடுக்கும் சிரமம் நீங்கிற்று. உயிரணுக்களை வளர்த்தே தயாரிக்கலாயினர்.

தென்னாப்பிரிக்காவின் கோவெண்டர் முதலானோர், காலெலும்பு வெளிமுறிவு கண்ட 450 பேரிடம் நடத்திய சோதனையை 2002-ல் வெளியிட்டனர். இப்புரதம் தோய்ந்த பஞ்சினை முறிவில் வைக்கப்பெற்றவர்களுள், அதிக அளவு மருந்து பெற்றோருக்கு மறு சிகிச்சை தேவைப்படும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. இம்முறையை அமெரிக்கா 2004-ல் அங்கீகரித்தது.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணி என்று நாம் கூறோம். கழுத்தெலும்பில் இட்டபோது வீக்கத்தால் மூச்சுத் தடைப்பட்டதைக் கண்டு 2008-ல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தனர். எலும்பின் உட்குழலைக் குடைந்து கம்பி செலுத்தும் சிகிச்சையுடன் இதனைச் சேர்ப்பதால் எலும்பு விரைவிற் கூடவில்லை என 2011-ல் மற்றொரு சோதனை காட்டிற்று. யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டுவதில்லை என்று பகுத்தறிவதே முறை.

அன்றியும், அமெரிக்காவில் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலையாகும் மருந்து, பட்டறைத் தொழிலாளிக்கு எட்டாக்கனியே. ஆகவே நாம் கோருவன இரண்டு. முதலாவது, 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி போன்ற சர்க்கார் கல்லூரிகள் கூடாத முறிவுகளைக் கணக்கெடுத்து, தக்க பாதுகாப்புடன் இச்சிகிச்சையைச் சோதித்தல் வேண்டும். இரண்டாவது, தடுப்பூசிகளைத் தயாரித்து உலகிற்கு அளிக்கும் இந்நாடு, இப்புரதத்தையும் மலிவாகத் தயாரிக்க ஊக்கம் பெறுதல் வேண்டும்.

உயிரைக் காத்த சர்க்கார், அவ்வுயிர் தன் காலில் நின்று உழைத்துண்ணவும் வழி செய்யுமாக.