வீடியோவில வெட்டப்பட்ட அந்த ஒரு இரவு

இந்தக் கிழமை எபிசோட்டில சொந்தமா பிரேக் மாத்துறதைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட விசயம் ஒண்டு இருக்கு: கழராத போல்ட்.

யூட்யூப் இதைக் காட்டுற விதம் பிழை என்பது என்ர கருத்து. பத்து நிமிச வீடியோவில எண்ணெய் அடிப்பார், சொக்கெட் போடுவார், டக்கெண்டு கழரும். நடுவில போன மணித்தியாலங்களை எடிட்டிங்கில வெட்டியிருப்பார். எங்கட போல்ட் அசையாட்டி, பலம் காணாது எண்டு நினைச்சு நாங்கள் நீளப் பைப் தேடிப் போறம்.

கணக்கைப் பாருங்கோ. 8.8 தரத்து எம்8 போல்ட் ஒண்டை வழமையா இறுக்கிறது 25 நியூட்டன் மீட்டர் அளவில. அரை மீட்டர் கம்பியின் நுனியில 10 கிலோ பாரம் குடுத்தாலே 50 வந்துடும். முழு உடம்பையும் போட்டுத் தொங்கினால் தலை கையோட வரும், மிச்சம் உள்ளுக்க நிக்கும். என்ர வேலையில டிப்ளோய்மென்ட் பிழைச்சால் ரோல்பேக் செய்யலாம். இதுக்கு அது இல்லை.

டொரொன்டோ மாதிரி றோட்டுக்கு உப்புக் கொட்டுற ஊரில இன்னும் மோசம். கறள், அது தின்ற இரும்பை விட இரண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும். புரிகளுக்கு நடுவில ஆப்பு வச்ச மாதிரி. அதை எண்ணெய் ஊறித்தான் இளக்க வேணும். கம்பித் தூரிகையால சுரண்டி, பெனிட்ரேட்டிங் ஒயில் அடிச்சு, சுத்தியலால தலையில தட்டி, ஒரு இரவு விடுங்கோ. டபிள்யூ.டி-40 முதலில தண்ணியை விரட்டச் செய்தது, பெயரின் அர்த்தமே அதுதான். இதுக்கெண்டு தனி எண்ணெய் விக்குது. (திரும்பப் பாவிக்கிற ரோட்டரிலயோ பேடிலயோ அது படக்கூடாது.) அடுத்த நாள் ஆறுமூலைச் சொக்கெட் போட்டு, முதலில துளி இறுக்கி, பிறகு கழட்டுங்கோ. இடையில இறுகினால் திரும்பிப் போங்கோ.

பழைய ஹோண்டா சிவிக்கில ரோட்டரைப் பிடிக்கிற ரெண்டு ஸ்குரூ வேற கதை. அது ஜப்பான் ஜே.ஐ.எஸ் வடிவம், பிலிப்ஸ் திருப்பி வழுக்கிப் பள்ளத்தைத் தின்னும். சுத்தியலால அடிக்கிற இம்பேக்ட் டிரைவர் ஒண்டு வாங்குங்கோ, அடிக்கேக்கயே அழுத்தித் திருப்பும். அதுவும் சரிவராட்டி தலையைத் துளைச்சு எடுக்கலாம். ரோட்டரை உண்மையில இறுக்கிப் பிடிக்கிறது சில்லு நட்டுகள்தான்.

அலுமினியத்துக்குள்ள சிக்கின உருக்குப் போல்ட்டுக்குச் சூடு உதவும், அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஆனால் எண்ணெய் அடிச்ச இடத்திலயும், பெற்றோல் குழாய், பிரேக் ஹோஸ் பக்கத்திலயும் நெருப்பைக் கொண்டு போகாதேங்கோ.

உடைஞ்சதை எடுக்க எண்டு விக்கிற எக்ஸ்ட்ராக்டர் பெட்டியை நான் கடைசியாத்தான் தொடுவன். அந்த உருக்கு கடினம், நொறுங்கும். உள்ளுக்க உடைஞ்சால் சாதாரண துளைப்பான் அதை வெட்டாது. முதலில இடது பக்கம் சுத்துற துளைப்பானைப் போடுங்கோ. சில நேரம் துளைக்கேக்கயே போல்ட் வெளிய வந்துடும்.

என்ஜின் தலையில இருக்கிற போல்ட் எண்டால், ஒரு இரவு ஊறியும் அசையாட்டி, கராஜுக்குக் குடுங்கோ. ஒரு மணித்தியாலக் கூலி கேட்டால் பேரம் பேசாதேங்கோ. தலை உடையாமல் கொண்டு போனால்தான் அந்த விலை.