புகையும் பெருமையும்

சென்ற கோடையில் எங்கள் பங்கின் பழைய ஜெனரேட்டர் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. மணிக்கூண்டின் அடியில் பதினெட்டு ஆண்டுகள் இருமி இருமி உழைத்த இயந்திரம் அது. பழுதுபார்க்க வந்த மெக்கானிக், "இனி இதில் பணம் போடாதீர்கள்" என்று கையை விரித்துவிட்டார். அந்த ஞாயிறன்றே பங்குப் பேரவை கூடியது. கூடிய சிறிது நேரத்தில் இரண்டாகவும் பிரிந்தது.

இளைஞர் ஒருவர் எழுந்து, "ஃபாதர், கையில் தூக்கிச் செல்லும் மின்பெட்டி வந்துவிட்டது. சத்தமில்லை, புகையில்லை. இனியும் ஜெனரேட்டர் வாங்குவது அறிவீனம்" என்றார். பெரியவர் ஒருவர் விடவில்லை. "சாமி, பத்துக் கன்னியர் உவமையை நீங்கள்தானே பிரசங்கம் வைத்தீர்கள்? விவேகமுள்ளவர்கள் எண்ணெயைக் கையில் வைத்திருந்தார்கள். நமக்கும் எண்ணெய்தான் வேண்டும்" என்றார். அவை சிரித்தது. ஆனால் இரு தரப்பிலும் ஒருவர்கூட, "கரண்ட் போனால் நமக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் தேவை? எத்தனை மணி நேரம் தேவை?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி எழாததே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும், சிறிய பங்குக்கும், நோயாளியின் அறைக்கும் பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரின் காலம் முடிந்துவிட்டது. ஊர் முழுவதற்கும் தண்ணீர் இறைக்க வேண்டிய பேரிடர் நாளில் மட்டும் அதற்கு இன்னும் வேலை உண்டு. இதை ஏற்க நம்மைத் தடுப்பது தேவை அன்று. கணக்குப் பார்க்காத சோம்பலும், இரைச்சலையே வசதி என்று எண்ணும் பெருமையுமே.

கணக்கு என்ன சொல்கிறது?

கடைகளில் 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' என்று விற்கப்படுவதையே மின்பெட்டி என்கிறேன். ஒரு மின்கலம், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், சார்ஜ் ஏற்றும் கருவி ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடக்கம். அதன்மேல் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். 'வாட்' என்பது குழாயின் அகலம். ஒரே நேரத்தில் எவ்வளவு தரமுடியும் என்பதைச் சொல்வது. 'வாட்-மணி' என்பது தொட்டியின் கொள்ளளவு. மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது. ஆயிரம் வாட்-மணி சேர்ந்ததே மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட்.

ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பெட்டியில், மாற்றும்போது ஏற்படும் இழப்புப் போக, ஏறத்தாழ 850 வாட்-மணி நம் கைக்குக் கிடைக்கும். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும், எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு 9 வாட் போதும். இரண்டு விசிறி, மூன்று பல்பு என்றால் அந்தப் பெட்டி ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். விசிறிகளை மட்டும் 30 வாட்டில் சுழலும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றிவிட்டால், அதே பெட்டி பத்து மணி நேரத்தை நெருங்கும். ஆகவே பெட்டி வாங்குமுன் விசிறியை மாற்றுவதே முதல் அறிவு.

இனி ஜெனரேட்டரின் கணக்கைப் பாருங்கள். இரண்டு கே.வி.ஏ. அளவுள்ள சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர், இரண்டு விசிறிக்காக ஓடினாலும் மணிக்கு அரை லிட்டர் அளவு எரிபொருளைக் குடிக்கும். அது தரும் மின்சாரமோ கால் யூனிட்டைத் தொடாது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நாளில், ஒரு யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் செலவாகிறது. மின்வாரியம் வீடுகளுக்கு விதிக்கும் மிக உயர்ந்த கட்டணமே பன்னிரண்டு ரூபாயை ஒட்டியதுதான்! ஒரு குவளை நீர் இறைக்க ஏற்றம் பூட்டுவது போன்றதன்றோ இது?

எங்கள் ஆலயத்தின் கதையும் இதுவே. மறைந்த ஜெனரேட்டர் 15 கே.வி.ஏ. திறனுள்ளது, திருவிழாவுக்காக வாங்கப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் ஓடியது ஞாயிறு திருப்பலிக்காகவே. பன்னிரண்டு விசிறி, இருபது பல்பு, ஒலிபெருக்கி ஆகிய எல்லாம் சேர்த்தும் அதன் திறனில் பத்தில் ஒரு பங்குதான் தேவைப்பட்டது. டீசல் இயந்திரத்தை இப்படிக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால் எரிபொருள் முழுமையாக எரியாது. கரியும் எண்ணெயும் உள்ளே படியும். கரும்புகை வெளியே வரும். அது இருமியதற்குக் காரணம் முதுமை மட்டுமன்று, நம் கணக்கின்மையும்தான். விசிறிகளை மாற்றிய பின் ஒன்றரை மணி நேரத் திருப்பலிக்கு எங்களுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரே ஒரு யூனிட்.

புகையின் விலை

பணக்கணக்கைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை, அதனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலோடு அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். பலர் அத்தூக்கத்திலிருந்து எழுவதில்லை. அமெரிக்காவில் மட்டும் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர்களின் இந்த நச்சால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பேர் மாள்கின்றனர் என்று அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறுகிறது. புயலுக்குத் தப்பியவர்கள், புயலுக்குப் பிந்திய இரவில் தம் வீட்டுக்குள்ளேயே மடிகிறார்கள்.

முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், மழை இரவில் ஒரு வீட்டார் ஜெனரேட்டரை நடைக்குள் இழுத்து வைத்து ஓட்டினார்கள். "நனைந்துவிடுமே, சாமி" என்பதே அவர்கள் பின்னர் சொன்ன காரணம். நள்ளிரவில் சிறுமி வாந்தியெடுத்த சத்தம் கேட்டுத் தாய் விழித்ததால் அவர்கள் பிழைத்தார்கள். இயந்திரம் நனையாமல் காப்பாற்றப்பட்டது. பிள்ளை மயிரிழையில் தப்பியது. அன்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, இந்த ஆபத்தைப் பற்றி ஒருமுறைகூடப் பங்கு மக்களிடம் பேசாத என்னையும் நான் குற்றவாளியாகவே கண்டேன்.

டீசல் புகையைப் பற்றியும் ஐயத்துக்கு இடமில்லை. அது புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் திட்டவட்டமாக வகைப்படுத்தியது. கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் நிற்பது எங்கே? செல்வர் வீட்டு வாசலிலா? இல்லை. ஊரின் பின்தெருவில், குடிசைகளின் ஓரத்தில். வெளிச்சம் தேருக்கு, புகை ஏழையின் தொட்டில் பிள்ளைக்கு. இந்தப் பங்கீட்டை நாம் என்றாவது நியாயம் என்று சொல்லத் துணிவோமா?

பெட்டிக்கும் பொய் உண்டு

மின்பெட்டியை விற்பவர்கள் சொல்வதெல்லாம் மெய் என்று நான் சாதிக்கவில்லை. "வீடு முழுவதும் ஓடும்" என்பது விளம்பரத்தின் பேச்சு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 750 வாட் அளவில் இழுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஆயிரம் வாட் பெட்டி அந்த நொடியிலேயே நின்றுவிடும். ஏ.சி., இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் ஹீட்டர் ஆகியவற்றுக்கு இது ஏற்றதன்று. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் ஆக்சிஜன் செறிவாக்கி ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். ஒரு யூனிட் பெட்டி அதை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அத்தகைய நோயாளியின் வீட்டில் பெட்டியோடு ஒரு சிலிண்டரும் இருக்கவேண்டும். நெபுலைசருக்கோ, இரவு முழுவதும் எரியும் ஒரு விளக்குக்கோ, கைப்பேசிக்கோ அதே பெட்டி தாராளம்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் ஈயமின்கலமும் வைத்திருப்பவர் புதிதாக ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. மின்பெட்டியின் தனிச்சிறப்பு, தேவையுள்ள இடத்துக்குத் தூக்கிச் செல்லலாம் என்பதே.

கூரையில் சூரியத்தகடு பதித்தவர்களில் பலர், கரண்ட் போனாலும் தம் வீட்டில் விளக்கெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மின்கலம் இல்லாமல் வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

கஜா கற்பித்தது

"ஒரு வாரம் கரண்ட் இல்லையென்றால் உங்கள் பெட்டி என்ன செய்யும்?" என்று பெரியவர் கேட்டார். நேர்மையான கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாளில் மேல்நிலைத் தொட்டிகளில் நீரேற்றியது வாடகை ஜெனரேட்டர்தான். அந்த நன்றியை நான் மறுக்கமாட்டேன். ஊருக்கு ஒன்று, திறந்தவெளியில், குடிநீருக்காக: அதுவே ஜெனரேட்டரின் நியாயமான இடம். ஆனால் அதே நாட்களில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் மக்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்களே, அதற்கு ஒரு குதிரை பலம்கூடத் தேவையில்லை. 200 வாட் சூரியத்தகடு ஒன்றும் சிறு பெட்டி ஒன்றும் போதும். வெயிலுள்ள நாளில் அத்தகடு ஏறத்தாழ முக்கால் யூனிட் தரும்.

எண்ணெய் என்றும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உறுதியானதன்று. 2022-இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. மின்நிலையங்களுக்கு எரிபொருள் இல்லாததே அதற்கு முக்கியக் காரணம். மின்சாரத்தை நிறுத்திய அதே தட்டுப்பாடு ஜெனரேட்டர்களையும் ஊமையாக்கியது. யாழ்ப்பாணத்து உறவுகள் இதைப் புதிதாகக் கற்கவில்லை. 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள்.

மறுப்புகளுக்கு மறுமொழி

"மின்கலத்திலும் இரத்தக்கறை உண்டே, காங்கோவில் சிறுவர்கள் கோபால்ட் தோண்டுகிறார்களே" என்கிறார்கள் சிலர். உண்மை. ஆனால் எல்லா லித்தியம் மின்கலமும் ஒன்றன்று. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. 2019-இல் தம் 97-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப் அவர்களின் ஆய்வுக்குழு 1990-களில் முன்வைத்த பொருள் அது. மற்ற வகைகளைவிட எளிதில் தீப்பற்றாது; ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பெட்டியை வாங்காதீர்கள். வாங்கிய பின் கடும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைக்காதீர்கள்.

"பெட்டிக்கு ஏற்றும் மின்சாரமும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவதுதானே?" இதுவும் ஓரளவு மெய்யே. எனினும் அந்தப் புகைபோக்கி நம் நடைக்குள் நிற்கவில்லை; அங்கே எரிவது நம் சிறு இயந்திரத்தில் எரிவதைப்போல் அவ்வளவு வீணாகவும் எரிவதில்லை. காற்றாலையும் சூரியனும் அதில் ஆண்டுதோறும் கூடுதலாகக் கலந்து வருகின்றன. ஜெனரேட்டரிலோ என்றும் எண்ணெய் மட்டுமே எரியும்.

"விலை அதிகம்." ஆம், அதிகம்தான். அதனாலேயே வீட்டுக்கு ஒன்று என்று நான் கேட்கவில்லை. அன்பியத்துக்கு ஒன்று என்கிறேன். பத்து வீட்டார் சேர்ந்து வாங்கிய பெட்டி, யார் வீட்டில் நோயாளி இருக்கிறாரோ அவர் வீட்டுக்கு முதலில் போகட்டும். ஜெனரேட்டரை அப்படி ஒரு நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் வைக்கமுடியுமா?

உண்மையில் கணக்குக்கு அடங்காமல் எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று: திருவிழா ஆடம்பரம். பத்து நாள் சீரியல் விளக்கும், தெருக்கோடி வரை ஒலிபெருக்கியும் எந்தப் பெட்டிக்கும் அடங்கா. அடங்காதது பெட்டியின் குறையா, நம் ஆசையின் குறையா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில் தீய நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் ஏ.சி.யின் பெருகிவரும் பயன்பாட்டையே சுட்டிக்காட்டினார். அவர் நம் தெருவுக்கு வந்திருந்தால் எதைச் சுட்டியிருப்பார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பேரவையின் முடிவைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் விசிறிகளை மாற்றினோம். பிறகு ஒன்றரை யூனிட் கொள்ளளவுள்ள பெட்டி ஒன்றை வாங்கினோம். திருப்பலி இல்லாத நேரங்களில் அது நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறது. திருவிழா விளக்குகளைப் பாதியாகக் குறைத்து, தேர் நாளுக்கு மட்டும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, குடியிருப்புக்கு அப்பால் நிறுத்துவது என்று தீர்மானித்தோம். இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

பெரியவருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: "ஐயா, அந்த விவேகமுள்ள கன்னியர் எண்ணெய் வைத்திருந்தார்கள் என்பது சரி. ஆனால் பீப்பாய் பீப்பாயாக வைத்திருக்கவில்லை. மணமகன் வரத் தாமதமாகலாம் என்று எண்ணி, தம் விளக்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைச் சிறு கலயத்தில் கொண்டுபோனார்கள். அவர்களின் விவேகம் எண்ணெயில் இல்லை, கணக்கில் இருந்தது."

அவர் முழுமனத்தோடு ஒப்பினாரோ இல்லையோ, அறியேன். ஆனால் சென்ற மாதம் நள்ளிரவில் கரண்ட் போனபோது, ஆஸ்துமாவில் தவித்த தம் பேரனுக்காகப் பெட்டியைக் கேட்டு முதலில் கதவைத் தட்டியவர் அவர்தான்.