தீர விசாரியாத குற்றம்

ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ 1600-இல் அச்சேறிய நாடகம். திருமணத்தில் முடிவதால் அதை இன்பியல் நாடகம் என்பர். அத்திருமணத்துக்கு முன் குற்றமற்ற ஒரு பெண்ணின் மானம் ஊரார் காலடியில் மிதிபட்டதை எண்ணுவோர் எத்தனை பேர்?

கதை நிகழ்வது சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில். ஆளுநர் லியனாட்டோவின் ஒரே மகள் ஹீரோ. அவளை மணக்கவிருந்தவன் கிளாடியோ. மணநாளுக்கு முந்திய நாள், ஹீரோ ஒழுக்கங்கெட்டவள் என்று டான் ஜான் எனும் வஞ்சகன் அவனிடம் கூறுகிறான். அன்றிரவே அவள் சாளரத்தையும் காட்டுகிறான். அங்கே ஹீரோவின் உடையணிந்து நின்றவள் பணிப்பெண் மார்கரெட். மறுநாள் தேவாலயத்தில், அனைவர் முன்னிலையிலும், கிளாடியோ மணமகளைப் பழித்து உதறுகிறான்.

“கண்ணால் கண்டதை நம்பினான், அவன்மேல் என்ன பிழை?” என வாதிடுவோர் உளர். அவ்வாதம் நில்லாது. சாளரத்தைக் காணுமுன்பே, கண்டால் மணமேடையிலேயே அவளை இழிவுபடுத்துவேன் என்று சூளுரைத்தவன் அவன். பழி சொன்னவனோ, சில நாட்களுக்கு முன் முகமூடி விருந்தில் பொய்யுரைத்து இதே கிளாடியோவை ஏமாற்றிய அதே டான் ஜான்! ஒருமுறை பொய்யனென்று கண்டவனை மறுமுறை நம்பியது அறியாமையா? பெண்ணைப் பற்றிய பழி என்றதும் விசாரணை வேண்டாவெனக் கருதும் மனப்போக்கு அன்றோ அது?

தந்தையின் செயல் இன்னும் கொடிது. பிரபுக்கள் பொய் சொல்வரோ என்றெண்ணி, மயங்கி விழுந்த மகள் இனிக் கண் விழியாதிருப்பதே நலம் என்கிறார். வஞ்சகனின் ஆட்களைப் பிடித்து வைத்திருந்த காவலர் அன்று காலையே அவர் வாயிலுக்கு வந்தனர். மணவிழா அவசரத்தில், “நீங்களே விசாரியுங்கள்” என அனுப்பிவிட்டவரும் அவரே.

ஹீரோவை நம்பியவர்களைப் பாருங்கள். ஓராண்டுக் காலம் அவளருகில் உறங்கிய பியட்ரிஸ், அந்த ஓரிரவு உடனில்லாதபோதும் சிறிதும் ஐயுறவில்லை. பாதிரியார் பிரான்சிஸ், பழி கேட்ட பெண்ணின் முகத்தைக் கூர்ந்து நோக்கியே உண்மையை உணர்ந்தார். பழகியறிந்த ஒழுக்கத்தை அவள் சான்றாகக் கொண்டாள். பொறுமையோடு நோக்கியதை அவர் சான்றாகக் கொண்டார்.

உண்மை வெளிப்பட்டபின் கிளாடியோவுக்குக் கிடைத்த தண்டனை என்ன? கல்லறையில் ஓரிரவு இரங்கற்பா. மறுநாள் காலை மணமகன் கோலம்! உயிரோடு எதிரில் வந்து நின்ற ஹீரோவிடம் அவன் ஒரு சொல் மன்னிப்புக் கேட்கவில்லை.

பொய்யைப் புனைந்தவன் ஊரைவிட்டு ஓடினான், பிடிபட்டும் விட்டான். அதைச் சபையில் முழங்கியவனை எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. தீர விசாரியாமல் ஒரு பெண்ணைப் பழித்த நாவும் பொய்யனின் நாவே என்று துணிந்து சொல்வோம்.